வேலியோரத்துக் காகிதப்பூவில் ஒரு பான்சாய்



போன கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு உறுப்பினர் செல்போனில் வீடியோ ஒன்று காட்டினார். ஒரு முழ உயரம்கூட இல்லாத மரம். இலை கிடையாது. கிளை முழுக்கச் சிவப்புப் பூ. "அக்கா, இது ஒண்ணு ஆயிரக்கணக்குல போகுதாமே, நம்ம குழுவுல கடன் போட்டுப் பண்ணலாமா?" என்று கேட்டார். உடனே பக்கத்தில் இருந்த நாலு பேர், "நாங்களும் சேந்துக்கறோம்" என்றார்கள். கடம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அன்று அரைகுறையாகச் சொல்லிவிட்டு ஓடினேன். முழுப் பதில் இதோ.

முதலில் அந்த வீடியோ மரம். அதன் பெயர் பூக்கும் குயின்ஸ். ஜப்பானில் போகே என்கிறார்கள். குளிர்காலம் முடியும் நேரத்தில், இலை வருவதற்கு முன்னாலேயே மொட்டைக் கிளையில் பூத்துவிடும். அப்படிப் பூக்க அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது, கத்திரி வெயிலைக் கேட்கவே வேண்டாம். அதனால் யாராவது விதையோ கன்றோ விற்றால் வாங்கி ஏமாறாதீர்கள்.

ஆனால் அதே குணமுள்ள செடி நம் வேலியிலேயே இருக்கிறது. முள் இருக்கும், அடியிலிருந்து பல தண்டு கிளம்பும், எத்தனை தடவை வெட்டினாலும் சளைக்காது, பூக்கும்போது இலையே தெரியாது. ஆமாம், காகிதப்பூதான். நர்சரியில் போகன்வில்லா என்று கேட்டால் கொடுப்பார்கள். தொட்டியில் குட்டை மரமாக வளர்க்க நம் ஊர் வெயிலுக்கு இதைவிடத் தோதான பூச்செடி எனக்குத் தெரிந்து இல்லை.

பான்சாய் என்றால் மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது தப்பு. ஜப்பான் மொழியில் பான் என்றால் தட்டு, சாய் என்றால் நடுதல். தட்டில் நட்டது, அவ்வளவுதான். சீனாவில் ஆரம்பித்து ஜப்பானுக்குப் போன கலை இது. தண்ணீரும் உரமும் வெயிலும் மற்ற செடி மாதிரியேதான் கொடுக்கிறோம். மேலே கிளையையும் கீழே வேரையும் சமமாகக் கவாத்து செய்வதால் மரம் சின்னதாக நிற்கிறது. பட்டினி போட்டால் குட்டையாகாது, செத்துப் போகும். "வீட்டுல குட்டை மரம் வெச்சா குடும்பம் வளராது" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

செடிக்குப் பெயர் வந்த கதை

இது ஒரு பெண்ணின் கதை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் 1766ல் உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் செடிகொடி சேகரிக்க கொம்மர்சன் என்ற தாவர அறிஞர் போனார். அவருக்கு உதவியாளாக ஒரு வாலிபனும் போனான். உண்மையில் அது வாலிபன் இல்லை, ழான் பாரே என்ற பெண். அப்போது பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண் ஏறக்கூடாது என்று சட்டம். அதனால் ஆண் உடுப்பில் போனார். 1767ல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ பக்கம் இந்தச் செடியைச் சேகரித்தார்கள். கொம்மர்சனுக்குக் காலில் ஆறாத புண். மலையேறி அலைந்து செடியைக் கொண்டுவந்தது ழான் பாரேயாகத்தான் இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். செடிக்குப் பெயர் மட்டும் கப்பல் தலைவருடையது! கப்பலில் உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்றைக்கு ழான் பாரேயைச் சொல்கிறார்கள். 1785ல் பிரெஞ்சு அரசு அவருக்குப் பென்ஷன் கொடுத்தது. 2012ல்தான் கத்தரி இனத்துக் கொடி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் குழுவிலும் வேலை ஒருவர் செய்ய, பேர் இன்னொருவருக்குப் போவது உண்டு. அதை இங்கே எழுதவில்லை.

இன்னொரு விஷயம். நாம் பூ என்று சொல்லும் கலர் இதழ் பூவே இல்லை, பூவைச் சுற்றி நிற்கும் இலை. நடுவில் மெல்லிசாக வெள்ளையாக மூன்று குழல் இருக்கிறதே, அதுதான் பூ. கலர் பல நாள் நிற்பதற்கு இதுதான் காரணம்.

கட்டை எங்கே கிடைக்கும்?

சின்னக் கன்றை வாங்கி வைத்தால் தண்டு பருக்கப் பல வருஷம் ஆகும். பான்சாய்க்கு அழகே கிழட்டுத் தண்டுதான். அதனால் பழைய செடியைத் தேடுங்கள். வீடு இடித்துக் கட்டுபவர்கள், காம்பவுண்ட் சுவர் எழுப்புபவர்கள், பாதை அகலம் செய்பவர்கள் பத்து இருபது வருஷத்துக் காகிதப்பூவை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள். முள்ளாக இருக்கிறதே என்று கொளுத்தியும் விடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் சும்மாவே கொடுப்பார்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நிற்கும் காகிதப்பூ மேல் கண் வைக்க வேண்டாம், அது அரசாங்கச் சொத்து.

கையளவோ அதற்கு மேலோ பருமன் உள்ள, அடி அகலமாகவும் மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும் கட்டையாகப் பாருங்கள். நேராகக் குழாய் மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி விட்டு மேலே அறுத்துவிடலாம். தோண்டும்போது அவசரம் கூடாது. காகிதப்பூ வேர் முறுக்கு மாதிரி ஒடியும். சுற்றிலும் ஒரு முழம் தள்ளிப் பள்ளம் பறித்து, கடப்பாறையால் நெம்பாமல், பெரிய வேரை ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். முள் ஆழமாகக் குத்தினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள்.

மாசி மாதமும் ஆடி மாதமும் இதற்கு நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்தால் வெட்டிய இடம் அழுகும். இந்த மரம் மெத்தென்ற மரம், சீக்கிரம் உளுத்துப் போகும். அதனால் வெட்டுக்காயத்தை வழவழப்பாகச் சீவி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்தைத் தண்ணீரில் பசையாகக் குழைத்துப் பூசுங்கள். காய்ந்த பிறகு மேலே மெழுகுவத்தியை உருக்கிச் சொட்டுவிடலாம்.

துளிர் வேறு, வேர் வேறு

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள், ஏனென்றால் நான் தோற்றது இங்கேதான்.

கட்டையை உடனே அழகான தட்டில் வைக்கக்கூடாது. பழைய பெயின்ட் வாளி, தக்காளி கிரேட் எதுவானாலும் சரி, அடியில் நிறைய ஓட்டை போட்டு, மணலும் மக்கிய தென்னை நார்க்கழிவும் பாதிப் பாதியாகக் கலந்து நட வேண்டும். ஆடாமல் குச்சி வைத்துக் கட்டுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, மேலே வெள்ளைப் பாலித்தீன் கவரைத் தளர்வாக மூடுங்கள். மண் ஈரமாக இருக்கலாம், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் கட்டையைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகத் துளிர் வரும். பார்த்தால் மனசு குளிரும். முதல் வருஷம் எனக்கு ஆறு கட்டை துளிர்த்தது. "வந்துடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லி, கவரை எடுத்து, வெயிலில் வைத்து, ஒன்றை வேர் எப்படி இருக்கிறது என்று பிடுங்கியும் பார்த்தேன். பத்தே நாளில் ஆறும் கருகின. அப்புறம்தான் புரிந்தது. கட்டைக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் சத்தில் துளிர் வந்துவிடும், அதற்கு வேர் தேவையில்லை. அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் புது வேர் இறங்கினால் பிழைக்கும், இல்லாவிட்டால் காயும். பிடுங்கிப் பார்த்தது அந்த ஒரு கட்டைக்கு எமன். மற்ற ஐந்துக்கும் வெயில்.

ஆகவே மூன்று மாதம் தொடாதீர்கள். துளிர் ஒரு முழம் நீண்டு, தண்டு கொஞ்சம் முற்றிய பிறகு கவரைச் சிறிது சிறிதாகத் திறந்து, காலை வெயிலுக்குப் பழக்கி, பிறகு முழு வெயிலுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது வேண்டும்.

உருவம் கொடுப்பது

கட்டையைத் திண்ணையில் கண் உயரத்துக்கு வைத்து, நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். அடிவேர் அகலமாக, தண்டின் வளைவு நன்றாகத் தெரிகிற பக்கம்தான் முகம். மொத்த உயரத்தில் கீழே மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்டாக இருக்கட்டும். அதற்கு மேல் முதல் கிளை ஒரு பக்கம், அடுத்தது மறுபக்கம், ஒன்று பின்னால். மேலே போகப் போகக் கிளை சின்னதாக வேண்டும். நேர் எதிராகக் கண்ணில் குத்துகிற கிளை, ஒன்றன் மேல் ஒன்று விழும் கிளை, உள்ளே திரும்பும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஐந்தாறு கிளை போதும். பெரிய ஆலமரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று மனசில் வைத்துக்கொண்டால் கை தானாக வரும்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். பென்சிலைவிட மெல்லிசான, பச்சை மாறாத கிளைக்குத்தான் சுற்றலாம். முற்றிய கிளை பட்டென்று ஒடியும். கம்பி சாய்வாக, இறுக்காமல் சுற்ற வேண்டும். இந்தச் செடி வேகமாகப் பருப்பதால் இரண்டு மாதத்துக்குள் கம்பி தோலில் புதையும், வாரா வாரம் பாருங்கள். எடுக்கும்போது பிரிக்காமல் வெட்டி எடுங்கள்.

எனக்குப் பிடித்தது கம்பியே இல்லாத வழி. சீனாவின் தெற்கே லிங்னான் பக்கம் செய்வது. கிளையை இஷ்டத்துக்கு நீள விட்டு, வேண்டிய பருமன் வந்ததும் இரண்டு கணு விட்டு வெட்டிவிடுவது. எந்தப் பக்கம் பார்த்த கணுவை விடுகிறோமோ அந்தப் பக்கம் புதுக் கிளை திரும்பும். மறுபடி வளர விடு, மறுபடி வெட்டு. நேரம் ஆகும், ஆனால் கிளை இயற்கையாகக் கோணும். அரிவாள்மணையும் கத்திரியும் பிடித்த கைக்கு இது சுலபம்.

தட்டில் ஏற்றுவது

இரண்டாம் வருஷக் கடைசியில் அல்லது மூன்றாம் வருஷத்தில் தட்டு. நாலைந்து அங்குல ஆழம், அடியில் இரண்டு பெரிய ஓட்டை. மண்பாண்டம் செய்பவரிடம் சொன்னால் செய்து தருவார். பளபளப்பான கலர் வேண்டாம், பூவோடு சண்டை போடும். ஓட்டை மேல் கொசுவலைத் துண்டு வைத்து, ஓட்டை வழியாக ஒரு கம்பியை மேலே இழுத்து வையுங்கள். மரத்தைத் தட்டோடு கட்ட அதுதான் பிடி.

மண் கலவைக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. செங்கல் சூளையில் கிடக்கும் உடைந்த செங்கலை உளுந்து, பட்டாணி அளவுக்கு இடித்து, தூளைச் சலித்துக் கீழே தள்ளுங்கள். செங்கல் துண்டு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. வயல் களிமண் போட்டால் தண்ணீர் நிற்கும், வேர் அழுகும்.

வாளியிலிருந்து எடுக்கும்போது மண்ணை முழுக்க உதறாதீர்கள். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவும் வேண்டாம். அதே அளவுக்கு மேலே கிளையையும் குறைத்துவிட்டு, தட்டின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒரு ஓரமாக வைத்து, கம்பியால் கட்டி, மண்ணைப் போட்டு, மெல்லிய குச்சியால் குத்திக் குத்தி வேருக்கு நடுவில் இறக்குங்கள். அடி ஓட்டையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றி, இரண்டு வாரம் நிழல். ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது. பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இதே மாதிரி மண் மாற்றினால் போதும்.

சித்திரை, வைகாசியில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் தட்டின் ஒரு பக்கத்துக்குக் கீழே செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் தேங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சாய்த்து வைத்தது எல்லாம் பிழைத்தது. அவசரத்தில் அப்படியே விட்ட இரண்டு தட்டு போய்விட்டது.

பூ வரவழைப்பது

"இலையாத்தான் வருது, பூ வரல" என்பவர்கள் தண்ணீரையும் உரத்தையும் அள்ளி ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். தழைச்சத்து, அதாவது யூரியா, காகிதப்பூவுக்கு எதிரி. மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து இதைச் செய்யலாம்: கிளை நுனியைக் கிள்ளிவிட்டு, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். துவண்டதும் முழுக்க ஊற்றுங்கள். மறுபடி துவள விடுங்கள். இப்படி நாலைந்து தடவை செய்தால் கணுவில் கலர் தெரியும், ஏறக்குறைய ஒரு மாதம். இலை கருகும்வரை விடக்கூடாது. கலர் தெரிந்ததும் வழக்கம்போல் தண்ணீர். பூ முடிந்ததும் கவாத்து. அடுத்த பூ புதுத் துளிரில்தான் வரும். மாவுப்பூச்சி, இலை தின்னும் புழு வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். அடங்காவிட்டால் இலையைப் பறித்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள்.

இப்போது கடன் விஷயம்

கடன் போட வேண்டாம் என்பது என் கருத்து. கணக்குப் பாருங்கள். குழுவில் ரூ.10,000 நூற்றுக்கு இரண்டு வட்டியில் எடுத்து, அசல் கட்டாமல் வட்டி மட்டும் கட்டினாலும் மாதம் ரூ.200. முதல் தட்டு விலைக்கு வர மூன்று வருஷம் என்றால் 36 மாதத்தில் ரூ.7,200 வட்டியே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். ஆடு மாதிரி ஆறு மாதத்தில் விற்க முடியாது. நடுவில் தவணை தவறினால் குழுவின் கிரேடு கெடும், வங்கி அடுத்த கடனுக்கு யோசிக்கும். கட்டையும் சும்மா கிடைப்பது, செங்கலும் சாணமும் வீட்டில் இருப்பது. ஒரு கவாத்துக் கத்திரி, ஒரு சின்ன ரம்பம், கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான் வாங்க வேண்டியது. அதைக் குழுவுக்கு ஒன்றாக வாங்கிச் சுற்றில் விடலாம்.

நடுவில் காசு வர வழி இருக்கிறது. வெட்டிப்போடும் பென்சில் பருமன் குச்சியை வீணாக்காதீர்கள். 6, 8 அங்குலமாக நறுக்கி, அடி நுனியை வேர் ஊக்கிப் பவுடரில் தொட்டு, கறுப்புப் பாலித்தீன் பையில் ஊன்றினால் மூன்று நாலு மாதத்தில் வேலிக் கன்று தயார். கம்பெனி காம்பவுண்டு, புது வீட்டு மனை என்று நம் பக்கம் வேலிக்குக் குறைவில்லை. கன்று விற்ற காசு தட்டுச் செலவுக்கு ஆகும்.

ஜப்பானில் 1923 பெரிய பூகம்பத்தில் டோக்கியோ நகரம் நாசமானபோது, அங்கிருந்த பான்சாய்க்காரர்கள் 1925 வாக்கில் ஓமியா என்ற ஊருக்குப் போய் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் குடியேறினார்கள். இன்றைக்கும் அது பான்சாய் கிராமம். வாங்குபவர் தனித்தனி வீடு தேடி அலைய வேண்டாம் என்பதில் பெரிய லாபம் இருக்கிறது. நம் ஊராட்சியிலும் பத்து பேர் ஆளுக்கு ஐந்து கட்டை வைத்தால், பூத்த தட்டுகளை மட்டும் பொறுக்கி, சென்னை அன்னை தெரசா மகளிர் வளாகம் போன்ற கண்காட்சிகளுக்குச் சேர்த்துக் கொண்டுபோகலாம். பூ இல்லாத நாளில் கொண்டுபோகாதீர்கள், முள் செடி என்று தள்ளிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் கட்டை எடுத்த தேதி, தட்டில் ஏற்றிய தேதி எழுதிய அட்டை கட்டுங்கள். ஏசி அறைக்குள் வைக்க ஆபீஸ்காரர்கள் கேட்டால், வெயில் இல்லாவிட்டால் இலை கொட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாரம் ஒன்று மாற்றி வைக்கும் வாடகை ஏற்பாடு என்றால் சரி.

இந்த மாசியில் ஆரம்பிப்பவர்கள் கட்டையை எடுப்பதற்கு முந்தின நாளே வாளி, மணல், நார்க்கழிவு, கவர் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வேர் காற்றில் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே நட வேண்டும். என் வீட்டில் இரண்டாம் வருஷம் பிழைத்த முதல் கட்டை இப்போது தட்டில் ரோஸ் கலரில் பூத்திருக்கிறது. ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்க மனசு வரவில்லை. பார்க்க வேண்டுமென்றால் கூட்டம் நடக்கும் நாளில் எடுத்து வருகிறேன், யாரும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது!